கால்சட்டைக்குக் காவல் போட்ட ராணி

1565 ஜனவரியில் லண்டன் மாநகரில் ரிச்சர்ட் வால்வெய்ன் என்ற வேலைக்காரரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கொலை, கொள்ளை ஒன்றும் இல்லை. மனிதர் போட்டிருந்த கால்சட்டை பெரிது. அவ்வளவுதான் குற்றம். 'ராட்சதத்தனமானது, அக்கிரமமானது' என்கிற தோரணையில் அந்த உடுப்பை வர்ணித்து நகரப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டார்கள். ஒழுங்கான, சட்டத்துக்கு உட்பட்ட கால்சட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளும்வரை ஆளை வெளியே விடக்கூடாது என்று தீர்ப்பு. கழற்றிய கால்சட்டைக்கும் தனித் தீர்ப்பு உண்டு. ஜனங்கள் வந்து பார்த்துச் சிரிக்கும்படி அதை ஒரு பொது மண்டபத்தில் மாட்டிவைக்க வேண்டும்.

நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் பாவம் அந்த மனுஷன் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனார். நாலு பேரென்ன, நகரமே பார்க்கட்டும் என்று அரசாங்கமே கண்காட்சி வைத்துக் கொடுத்துவிட்டது.

அந்தக் காலத்துக் கால்சட்டையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். இடுப்பில் ஆரம்பித்து நடுத்தொடையில் முடிந்துவிடும். நீளம் கம்மி, சுற்றளவுக்குத்தான் எல்லை கிடையாது. தொடைக்கு ஒன்றாக இரண்டு பூசணிக்காய். மேல்துணியைப் பட்டை பட்டையாகக் கீறி, கீறல் வழியாக உள்ளே இருக்கும் பட்டு எட்டிப் பார்க்கும்படி இழுத்துவிட்டிருப்பார்கள். உப்பல் இறங்காமல் இருக்க உள்ளே குதிரை முடி, பஞ்சு, கந்தல். வசதி போதாதவனுக்குத் தவிடு. பெண்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர் பந்தாவாக உட்கார்ந்தாராம். நாற்காலி ஆணியில் கால்சட்டை மாட்டிக் கிழிந்து, மாவு மில்லில் கொட்டுவது போலத் தவிடு கொட்டியதாம். இது 17ஆம் நூற்றாண்டில் ஜான் புல்வர் என்ற மருத்துவர் எழுதிவைத்த கதை. அவரே இன்னொன்றும் சொல்கிறார். பெரிய கால்சட்டைக்காக ஒருவரைப் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தினார்களாம். அவர் நீதிபதி முன்னால் உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாராம்: படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, கைக்குட்டைகள், நாலு சட்டை, கண்ணாடி, சீப்பு, பிரஷ், இரவுத் தொப்பி. 'ஐயா, எனக்கு இதைவிட்டால் பத்திரமான அலமாரி கிடையாது' என்று வாதாடினாராம். நிஜமோ, புல்வரின் கைச்சரக்கோ, வாதம் பிரமாதம்.

இந்தக் கால்சட்டைக்குள் இங்கிலீஷ் வினைச்சொற்கள் இரண்டு ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பத்திரமாக வெளியே எடுக்கத்தான் இவ்வளவு பீடிகை.

ஒன்று ஃபிளாண்ட். கையில் இருப்பதை ஊருக்குக் காட்டி மினுக்குவது. இன்னொன்று ஃபிளவுட். சட்டத்தையோ விதியையோ துச்சமாக நினைத்து மீறுவது. இரண்டும் 16ஆம் நூற்றாண்டின் நடுவில், ஏறக்குறைய பத்து வருட இடைவெளியில் எழுத்தில் தலைகாட்டியவை. ஃபிளாண்ட் எந்த ஊர்க்காரன், யார் பெற்ற பிள்ளை என்பதற்கு இன்றுவரை நிச்சயமான தகவல் இல்லை. ஊர் பேர் தெரியாதவன்தானே எப்போதும் அதிகம் மினுக்குவான். ஃபிளவுட், குழல் ஊதுவதற்கான பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். சட்டத்தை ஊதித் தள்ளுகிறவர்களுக்குப் பொருத்தமான பூர்வீகம்.

பிரச்சினை என்னவென்றால், எழுதும்போது முன்னது பின்னதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. 'விதிகளை ஃபிளாண்ட் செய்த ஊழியர்மீது நடவடிக்கை' என்று ஒரு மேலாளர் இங்கிலீஷில் கடிதம் அடித்தால், அந்த ஊழியர் விதிப் புத்தகத்துக்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு, மாலை சாத்தி, மேளதாளத்தோடு அலுவலகத்தைச் சுற்றி வந்தார் என்றுதான் பொருள். பதவி உயர்வு கொடுக்க வேண்டிய ஆள். நம் ஊர் இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு ஹெல்மெட் போடாதவர், அனுமதியில்லாமல் பேனர் வைத்தவர், ஒரு மாடி கூடுதலாகக் கட்டியவர் எல்லோரும் ஃபிளவுட் செய்கிறவர்கள். தினமும் எழுதி எழுதிப் பழகிவிட்டதால் அங்கே அவ்வளவாகத் தவறுவதில்லை. அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதியே தவறினார். 1979 கடைசியில், தெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்த சமயம். உலகத்தின் விருப்பத்தையும் சட்டத்தையும் மிதித்துவிட்டு ஈரான் தப்பிக்க முடியாது என்று சொல்ல வந்தார் ஜிம்மி கார்ட்டர். வாயில் வந்த வினைச்சொல் ஃபிளாண்ட். ஆக, உலகச் சட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மினுக்கக்கூடாது என்று ஈரானுக்குக் கண்டிப்பான எச்சரிக்கை போனது. ஈரானுக்கு அப்படி ஒரு உத்தேசமே இருந்ததாகத் தெரியவில்லை.

இலக்கணக் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது அவர்கள் தொழில். ஆனால் கார்ட்டருக்கு நான் வக்கீலாக இருந்திருந்தால், வழக்கை நேராக முதலாம் எலிசபெத்தின் லண்டனுக்கு மாற்றக் கேட்டிருப்பேன். அங்கே மினுக்குவதும் மீறுவதும் ஒரே கால்சட்டையில் நடந்துகொண்டிருந்தன.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். இங்கிலாந்துக்காரர்கள் சிரிக்கவில்லை, எந்த அற்பன் எந்தக் குடையை எத்தனை மணிக்குப் பிடிக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். இந்த வியாதி எலிசபெத்துக்கு முன்னாலேயே இருந்தது. 1363இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் யார் என்ன சாப்பிடலாம், என்ன உடுத்தலாம் என்று ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருடமே வாபஸ். எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றி 1533இல் இன்னொன்று போட்டார். மகள் அதைத் தூசி தட்டி எடுத்து, ஆணைமேல் ஆணையாகப் பிறப்பித்துக்கொண்டே இருந்தார். ஒரே விஷயத்துக்கு இத்தனை ஆணை வந்தது என்றாலே, எத்தனை பேர் கேட்டார்கள் என்று விளங்கிவிடும்.

1574 ஜூனில் கிரீனிச்சிலிருந்து வந்த ஆணை விலாவாரியானது. ஊதா நிறப் பட்டும் தங்கச் சரிகையும் ராஜ குடும்பத்துக்கு. டியூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகியோருக்குச் சட்டைக்கும் மேலங்கி உள்துணிக்கும் மட்டும் சலுகை. அதற்குக் கீழே எந்த வெல்வெட் யாருக்கு, எந்த மென்மயிர் யாருக்கு என்று படி படியாக இறங்கிக்கொண்டே போகும். காரணமும் சொன்னார்கள். வெளிநாட்டுச் சரக்கு வாங்கி வாங்கி நாட்டுப் பணம் கப்பலேறுகிறதாம். அப்பன் சொத்தை வெல்வெட்டாக மாற்றிவிட்ட இளவட்டங்கள் கடனாளியாகி, கடைசியில் திருடவும் துணிகிறார்களாம். இது நியாயமான கவலைதான். சொல்லப்படாத கவலை ஒன்றும் இருந்தது: துணிக்கடைக்காரன் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தால், பிரபு என்று நினைத்து யாராவது தவறிப்போய்க் கும்பிட்டுவிட்டால்?

சரி, ஆணையிட்ட அம்மாளின் அலமாரியில் என்ன இருந்தது? 1600இல் எடுத்த கணக்கில் உடுப்புகள் ஆயிரத்தைத் தாண்டின. ஆட்சிக்கு வந்த புதிதில் ராணிக்குப் பட்டு வேலை செய்துவந்த ஆலிஸ் மாண்டகு பின்னிக் கொடுத்த பட்டுக் காலுறையைப் போட்டுப் பார்த்தவர், இனி ஜென்மத்துக்கும் துணிக் காலுறை தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். முத்து, சரிகை, தலையைவிட அகலமான கழுத்துப்பட்டை என்று அவர் ஓவியங்களில் முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலக்கணப்படி பார்த்தால் ராணி செய்தது சுத்தமான ஃபிளாண்ட். ஃபிளவுட் செய்ய அவர் ஆசைப்பட்டாலும் வழியில்லை. சட்டம் அவருடையது, தன் சட்டத்தில் தனக்கே விலக்கு எழுதிக்கொண்டவருக்கு மீறுவதற்கு என்ன மிச்சம்?

எதிர்முனைக்கு ஒரு ஆள் வேண்டும். மினுக்கவே மினுக்காமல் மீறியவர். இருக்கிறார், அதுவும் பெரிய இடத்துச் சொந்தம். 1571இல் தொப்பிச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் திருநாளிலும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளித் தொப்பியைத் தலையில் வைத்தாக வேண்டும். கன்னிப்பெண்களுக்கும் சீமாட்டிகளுக்கும் நிலபுலன் உள்ள கனவான்களுக்கும் விலக்கு. மற்றவர் தலையெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். கம்பளி வியாபாரம் படுத்துவிட்டது, தொப்பி பின்னுகிறவர் பிழைக்க வேண்டும், அதற்காகத்தான். தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். கூலிக்காரனுக்கு அது பல நாள் சம்பளம். 1583இல் ஸ்னிட்டர்ஃபீல்டு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தொப்பி போடாமல் வந்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டவர்களில் ஹென்றி ஷேக்ஸ்பியர் என்ற விவசாயியும் ஒருவர். நாடகம் எழுதினாரே, அவருடைய சித்தப்பா. வெறுந்தலையை வைத்துக்கொண்டு எதை மினுக்க முடியும்? இது சுத்தமான ஃபிளவுட். இங்கிலீஷ் வாத்தியார்கள் இந்தச் சித்தப்பாவின் படத்தை வகுப்பில் மாட்டலாம்; படம்தான் கிடைக்காது.

ஆக, சூத்திரம் சுலபம். வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தால் போதும். முத்துமாலை, புதுக் கார், பட்டம், ஆறடுக்குச் சிக்ஸ்பேக், மாமனார் போட்ட செயின் என்று வந்தால் ஃபிளாண்ட். சட்டம், மரபு, ஆணை, தடை, டாக்டர் சொன்ன பத்தியம் என்று வந்தால் ஃபிளவுட். எழுதி முடித்த வாக்கியத்தில் சந்தேகம் வந்தால், அந்தப் பொருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம். போக்குவரத்து விதியை மாட்டிக்கொண்டு போக முடியாது.

வால்வெய்ன் போன்றவர்கள்தான் சிக்கல். அவர் கால்சட்டையை ஃபிளாண்ட் செய்தார். அதே கால்சட்டையால் ஆணையை ஃபிளவுட் செய்தார். ஒரே நடையில் இரண்டு. இந்த ஒரு ஆசாமியைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டாலும் பாதி சரி. லண்டன் முழுக்க இப்படிப்பட்டவர்கள் நிரம்பி வழிந்ததால், அதிகாரிகள் நகர வாசல்களில் ஆளை நிறுத்தினார்கள். காலையில் நாலு கௌரவமான குடிமக்கள் வாசலில் நிற்பார்கள். வருகிற போகிறவர்களின் தொடையையும் கழுத்தையும் இடுப்பு வாளையும் நோட்டம் விடுவார்கள். கழுத்துப்பட்டை அளவு மீறினால் வெட்டு. வாள் ஒரு கெஜத்துக்கு மேல் நீண்டால் முறி. ஊரில் கௌரவமாகப் பேர் எடுத்தவனுக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பாருங்கள்: விடியற்காலையில் அடுத்தவன் தொடையை அளப்பது.

தாமஸ் பிராட்ஷா என்ற தையல் வணிகர் மாட்டினார். அவருக்குக் கிடைத்த தண்டனையை யோசித்தவன் கண்டிப்பாக ஒரு கலைஞன். உடனே, அங்கேயே, ஒரு காலில் மட்டும் அடைப்பை வெட்டி உருவ வேண்டும். மற்றக் கால் அப்படியே இருக்கட்டும். அந்தக் கோலத்தில், ஒரு தொடை உப்பி ஒரு தொடை சப்பி, தெருத்தெருவாக வீட்டுக்கு நடத்திக்கொண்டு போய், வீட்டுக்குப் போனபிறகு அடுத்த காலை உருவ வேண்டும். தைப்பதே தொழிலாக இருக்கிற ஆளுக்கு இதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

1580இல் இந்தக் காவல் எசகுபிசகாக மாட்டிக்கொண்டது. ஸ்மித்ஃபீல்டு பக்கம் வாள் அளந்துகொண்டிருந்த சேவகர்கள், நீளமான வாளோடு வந்த ஒருவரை நிறுத்தினார்கள். வெட்டிக் குறைக்க வேண்டும், எடு என்றார்கள். வந்தவர் பிரெஞ்சுத் தூதர். வாளை எடுக்கத்தான் போனார், கொடுப்பதற்காக அல்ல. ஒரு பிரபு குறுக்கே விழுந்து சமாதானம் செய்தார். விஷயம் ராணிவரை போனது. அந்தச் சமயத்தில் எலிசபெத்துக்கும் பிரான்ஸின் ஆஞ்சு டியூக்குக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதாவது, நிறுத்தி வைத்தது மாப்பிள்ளை வீட்டு ஆளை! ராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டத்தை மீறியவர்மீது அல்ல, ஆள் தராதரம் தெரியாமல் சட்டத்தை அமல்படுத்திய சேவகர்கள்மீது. எந்தத் துறையில் வேலை பார்ப்பவரும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

கழுத்துப்பட்டைக்கு வருவோம். துணியை மடிப்பு மடிப்பாக வைத்து வட்டமாக நிற்கவைக்க வேண்டுமானால் கஞ்சி வேண்டும். அந்த வித்தை இங்கிலாந்துக்குப் புதிது. 1564இல் ஃப்ளாண்டர்ஸ் பக்கமிருந்து டிங்கன் வான்டென் பிளாசே என்ற அம்மணி கணவரோடு லண்டன் வந்து, கஞ்சி போடப் பள்ளிக்கூடம் மாதிரி ஆரம்பித்துவிட்டார். பட்டையை விறைப்பாக்கக் கற்றுக்கொள்ள நாலைந்து பவுன் கட்டணம். கஞ்சி காய்ச்சத் தனியாக 20 ஷில்லிங். பிரபு வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். நம் பாட்டிகள் சாதம் வடித்த கஞ்சியை எடுத்து வேட்டிக்குப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள், தப்புப் பண்ணிவிட்டார்கள்.

கஞ்சியைக் கண்டால் ஃபிலிப் ஸ்டப்ஸுக்கு ஆகாது. 1583இல் அவர் வெளியிட்ட 'தி அனாட்டமி ஆஃப் அபியூசஸ்' என்ற வசைப் புத்தகத்தில் கழுத்துப்பட்டைகளுக்கென்றே நீளமான அர்ச்சனை உண்டு. கஞ்சி என்பது பிசாசு கண்டுபிடித்த திரவம் என்பது அவர் கட்சி. காற்றடித்தால் கந்தல் மாதிரிப் படபடக்கிறது, மழை பெய்தால் தோளில் தொங்கிவிடுகிறது என்று ரசித்து ரசித்துத் திட்டுகிறார். அவர் சொல்லும் கதை ஒன்று: ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு பணக்காரப் பெண். கல்யாணத்துக்குப் போக வேண்டும். கழுத்துப்பட்டை மனதுக்குப் பிடித்த மாதிரி படியவில்லை. ஆளை மாற்றி ஆளை வரவழைத்தும் பலிக்காமல், இனி இதைப் போட்டால் பிசாசு என்னைக் கொண்டுபோகட்டும் என்று சபதம் செய்துவிட்டாள். உடனே அழகான ஒரு வாலிபன் உள்ளே வந்தான். பட்டையை வாங்கி அற்புதமாக மடித்துக் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்து மயங்கி நிற்க, ஒரு முத்தம் கொடுத்துக் கழுத்தைத் திருகிவிட்டுப் போனான். சவப்பெட்டியைத் தூக்க முடியவில்லை. திறந்து பார்த்தால் உடலைக் காணோம்; ஒரு கறுப்புப் பூனை உட்கார்ந்து கழுத்துப்பட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டப்ஸ் இதைப் பயமுறுத்த எழுதினார். எனக்கென்னவோ, படித்த பெண்களில் பாதிப் பேர் அந்த வாலிபன் எங்கே கிடைப்பான் என்று விசாரித்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. மடிப்பு அவ்வளவு நேர்த்தியாம்.

சட்டம் தெருவில் திணறியது. நாடகக் கொட்டகையில் சுத்தமாகத் தோற்றது. பிரபு இறந்தால் தன் நல்ல உடுப்புகளை வேலைக்காரர்களுக்கு எழுதிவைப்பார். வேலைக்காரன் அதைப் போட்டுக்கொள்ள முடியாது, நாடகக்காரனிடம் விற்றுவிடுவான். 1599இல் லண்டன் வந்த தாமஸ் பிளாட்டர் என்ற ஸ்விஸ் பயணி இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதற்கும் இருபது வருடம் முன்னாலேயே ஸ்டீபன் காசன் புலம்பியிருந்தார்: வாரம் 6 ஷில்லிங் வாங்கும் துணை நடிகனெல்லாம் பட்டுடுத்திக் கனவான்களின் மூக்குக்குக் கீழே உலாத்துகிறான் என்று. உடுப்புதான் முதல், வசனம் பிறகு. 1603இல் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு முழு நாடகத்துக்குத் தயாரிப்பாளர் ஹென்ஸ்லோவின் கணக்கில் 6 பவுன். அந்த நாடகத்தின் கதாநாயகிக்குக் கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்று: 6 பவுன் 13 ஷில்லிங். எழுதிப் பிழைக்கிறவர்கள் யாரும் இந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டாம்.

இன்றைய இலக்கணக் காவலர்களும் நகர வாசல் ஆட்கள் மாதிரிதான். கையில் கத்தரிக்கோல், கண்ணில் கண்டிப்பு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு சொல்லுக்கு இரண்டு வேலை இருப்பது எழுதுகிறவனுக்கு லாபம்; ஒன்றை இழந்தால் நஷ்டமும் அவனுக்குத்தான். ஆனால் கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஃபிளாண்டுக்கு 'மீறுதல்' என்ற பொருளையும் கொடுத்துவிட்டு, கூடவே ஜாக்கிரதை என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறது. பிரெஞ்சுத் தூதரை உள்ளே விட்டுவிட்டு முணுமுணுக்கும் சேவகன் குரல் அதில் கேட்கிறது.

தொப்பிச் சட்டம் 1597இல் செத்தது. எலிசபெத் 1603இல் காலமானார். அடுத்த வருடமே, ஜேம்ஸ் ராஜா காலத்து முதல் நாடாளுமன்றத்தில், மிச்சமிருந்த உடைச் சட்டங்களையெல்லாம் மொத்தமாக ரத்து செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து இங்கிலாந்தில் யாரும் எதையும் உடுத்தலாம். ஃபிளவுட் செய்ய உடைச் சட்டம் ஒன்றுகூட இல்லை. ஃபிளாண்ட் தனிக்காட்டு ராஜா.

அதன் உச்சம் 1625. ஜேம்ஸுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த சார்ல்ஸ் ராஜாவுக்குப் பெண் அழைத்துவர, அரசவையில் செல்வாக்கான பக்கிங்ஹாம் டியூக் பாரிஸ் போனார். பெட்டியில் 27 ஜோடி உடுப்பு. அவை போக, வெள்ளை உடுப்பு ஒன்று தனி; மேலங்கி உட்பட உடம்பு முழுக்க வைரம். 80,000 பவுன் பெறும் என்று அக்காலக் குறிப்பு மதிப்பிடுகிறது. வாள், இடுப்புக் கச்சை, தொப்பிப் பட்டி, குதிரையை உதைக்கும் குதிமுள் எல்லாவற்றிலும் வைரம். கல்யாணம் யாருக்கு என்று பாரிஸ்காரர்கள் குழம்பியிருந்தால் தப்பில்லை.

மறு வருடம் நாடாளுமன்றம் அவர்மீது பெரிய குற்றச்சாட்டுப் பட்டியல் கொண்டுவந்தது. பதவிகளை விலைக்கு வாங்கினார், கடலைக் காக்கவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 10,000 பவுன் கறந்தார், ஜேம்ஸ் ராஜாவின் கடைசி நோயில் வைத்தியர்களை மீறித் தன் கைமருந்தாக மார்பில் பற்றுப் போட்டார் என்று நீண்டுகொண்டே போனது. வைர உடுப்புக்கென்று அதில் தனிக் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது.